பதினாறு ஏக்கர் குதிரைமசால்

அந்த வருஷம் கானிப் தாக ஆட்டத்துக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை காலையிலிருந்தே வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. கூடாரத் துணி, சட்டி பானை, அடுப்புக் குழாய், அதற்கு மேல் உட்கார்ந்த பெண்கள், பின்னால் ஓடிவரும் நாய்கள் என்று ஒவ்வொரு வண்டியும் ஒரு வீட்டையே தூக்கிக்கொண்டு ஒயிட்ராக்ஸ் பக்கம் ஏறியது. புழுதி கிளம்பி, கானிப்பின் பெண்டாட்டி மினர்வா கொடியில் உலரப் போட்டிருந்த மான்கறி மேல் படிந்தது. அவள் கறிக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு போர்வையை இழுத்துக் கட்டினாள்.

போகிறவர்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி ஒரே கேள்வியைக் கேட்டார்கள். கானிப்பும் ஒரே பதிலைச் சொன்னான். "தண்ணி முறை வருது."

கடைசியாக வந்தவன் சிரீச், மினர்வாவின் தம்பி. அவன் வண்டிக்குப் பின்னால் இரண்டு பந்தயக் குதிரைகள் கட்டியிருந்தன. ஆட்டம் நடக்கும் இடத்தில் நாலு ஊர் ஆள் கூடும்போது குதிரை ஓட்டாமல் இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"என்ன மச்சான், இன்னும் கிளம்பலையா?"

"நாளைக்கு முறை. வெள்ளிக்கிழமை பயிர் பச்சையா நிக்குதான்னு பாக்க ஆள் வருது."

"மூணு நாள் தண்ணி குடிக்காம ஆடறதுக்குத்தான் எல்லாரும் அங்க போறாங்க. நீ இங்கயே மூணு வருஷமா தண்ணி இல்லாம ஆடிக்கிட்டிருக்க. உனக்கு எதுக்குத் தனியா ஒரு ஆட்டம்?"

மினர்வா சிரித்துவிட்டாள். கானிப் சிரிக்கவில்லை. பனிக்காலத்தில் அவன் அண்ணன் இருமி இருமிச் செத்துப்போனபோது, கோடையில் உனக்காக ஆடுகிறேன் என்று சொல்லியிருந்தான். அது சிரீச்சுக்கும் தெரியும். அதனால் அவன் கொஞ்ச நேரம் கடிவாளத்தைத் தடவிக்கொண்டு நின்றான்.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அவன் பாத்துட்டுப் போயிட்டா, சாயங்காலம் வந்துடு. கடைசி நாளாவது பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் அந்த மேட்டு நிலத்தில் அவர்கள் இருவரும் மட்டும் மிஞ்சினார்கள்.

கானிப்புக்கு உழவு பிடிக்காது. அவன் வெள்ளையாற்றுக்காரன், மலைக்கு அந்தப் பக்கத்துப் பூர்வகுடி. அவன் சின்னப் பையனாக இருந்தபோது அந்த ஆற்றங்கரையில், குதிரை ஓடுகிற புல்வெளியில் சர்க்கார் ஏஜெண்ட் கலப்பையை இறக்கினான். வேண்டாம் என்றார்கள், கேட்கவில்லை. தகராறு துப்பாக்கியில் போய் முடிந்தது. மலையும் ஆறும் போய், பட்டாளம் பின்னாலிருந்து விரட்ட, கிழவர்கள் அழுதுகொண்டே நடக்க, இந்தப் பொட்டலுக்கு வந்து சேர்ந்தார்கள். பிறகு இந்த நிலத்தையும் துண்டு துண்டாக வெட்டி வெள்ளைக்காரக் குடியானவர்களுக்குத் திறந்துவிட்டபோது, வெள்ளையாற்றுக்காரர்கள் பலர் கோபித்துக்கொண்டு கிழக்கே வெகு தூரத்து டகோட்டாவுக்கே போய்விட்டார்கள். கானிப்பும் புதுப் பெண்டாட்டி மினர்வாவோடு போனான். அங்கேயும் பிழைப்பு இல்லை. இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், ஆற்றோர நிலமெல்லாம் கைமாறியிருந்தது. ஊரில் இல்லாத ஆளுக்கு ஏஜெண்ட் ஆபீஸ் ஒதுக்கி வைத்திருந்தது மேட்டில் ஒரு துண்டு. வாய்க்காலின் கடைசி மடை.

தண்ணீர்ச் சட்டம் அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. குறிப்பிட்ட வருஷத்துக்குள் தண்ணீர் பாய்ச்சி வெள்ளாமை காட்டாத நிலத்துக்குத் தண்ணீர் உரிமை போய்விடும். வேறு யாராவது எழுதி வாங்கிக்கொள்ளலாம். மினர்வா ஒயிட்ராக்ஸ் விடுதிப் பள்ளியில் படித்தவள். மினர்வா என்ற பெயரே அங்கே வைத்ததுதான். அவள் அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டு, "பச்சை காட்டணும்" என்றாள். அக்கம்பக்கத்தில் பலர் நிலத்தை வெள்ளைக்காரனுக்குக் குத்தகைக்கு விட்டு அவன் மூலமாகப் பச்சை காட்டினார்கள். மினர்வா முடியாது என்றுவிட்டாள்.

"எங்கப்பன் ஒரு கலப்பையை நிறுத்தப் போயி ஊரையே விட்டுட்டு வந்தான்" என்றான் கானிப், முதல் நாள் ஏரைப் பிடித்தபோது. "நான் அதே கலப்பையைப் பிடிச்சு ஊரைக் காப்பாத்தணுமாம்."

"ஊரை அப்புறம் காப்பாத்து. முதல்ல உழவுச் சாலை நேரா ஓட்டு" என்றாள் அவள்.

சால் நேராக வர இரண்டு வருஷமானது. மூன்றாவது வருஷம் பதினாறு ஏக்கரில் குதிரைமசால் தீவனப் பயிர் எழுந்து நின்றது. பனி உருகி வாய்க்கால் தானாக நிறைந்த மாதத்தில் முதல் அறுப்பு அருமையாக வந்தது.  கானிப் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக வயலோரம் போய் நின்றுவிட்டு வந்தான். இரண்டாம் அறுப்புக்குத்தான் தண்ணீர் இல்லை.

*

செவ்வாய்க்கிழமை பொழுது கிளம்பும்போது முறை தொடங்க வேண்டும். எட்டு நாளுக்கு ஒரு தடவை, முழுசாக ஒரு நாள். மினர்வா முன்னாலேயே எழுந்து ரொட்டி தட்டிக் கொழுப்பில் பொரித்து, காப்பி வைத்துத் தூக்கில் ஊற்றிக்கொண்டாள். இருவரும் மடைக்குப் போய்ப் பலகையைத் தூக்கினார்கள்.

வாய்க்காலின் அடியில் ஈரம் இருந்தது. ஒரு தவளை இருந்தது.

"வந்துடும்" என்றாள் மினர்வா.

"தவளை வந்துருச்சு. தண்ணி பின்னாடியே வருதாக்கும்."

உட்கார்ந்து ரொட்டியைத் தின்றார்கள். வெயில் ஏறியது. வயல் பக்கம் பார்க்கவே மினர்வாவுக்குப் பிடிக்கவில்லை. இலைகளெல்லாம் கைகூப்பினாற்போல் மடங்கிக் கருநீலமாக நின்றன. பாத்திகளில் விரல் போகிற அளவு வெடிப்பு. ஊதாப் பூ மட்டும் அவசரமாகப் பூத்திருந்தது, சாகப்போகிற பயிர் பூக்கிற மாதிரி.

கொஞ்ச நேரத்தில் ஒரு நூல் தண்ணீர் வந்தது. ஒரு நாய் நக்கினால் தீர்ந்துவிடும். அது மடை வரைக்கும் வராமல் பத்தடி முன்னாலேயே மண்ணுக்குள் போய்விட்டது.

கானிப் மண்வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். வாய்க்கால் கரையோடு மேற்கே நடந்தார்கள். நாலு மைல். வழியில் அடைத்திருந்த பாசியையும் முள்செடியையும் வாரிக் கரையில் எறிந்துகொண்டே போனார்கள். அது எல்லா வீட்டுக்காரர்களும் சேர்ந்து செய்கிற வேலை. எல்லோரும் ஆட்டத்துக்குப் போய்விட்டதால் வழியில் இருந்த நாலைந்து வீடுகளும் பூட்டிக் கிடந்தன. ஒரு இடத்தில் செத்த முயல் அடைத்துக்கொண்டிருந்தது. கானிப் அதைக் காலைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தான்.

"இதுவும் தண்ணி தேடி வந்துருக்கு" என்றான்.

வெள்ளைக்காரக் குடியானவன் ஜெப்சனின் மடைக்கு வந்ததும் எல்லாம் புரிந்தது. மேலேயிருந்து அந்த மடை வரைக்கும் வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி வந்துகொண்டிருந்தது. அங்கே குறுக்கே ஒரு கட்டையைப் போட்டு, கித்தானைத் தொங்கவிட்டு, மண்ணை அணைத்து, மொத்தத் தண்ணீரையும் தன் பக்கம் திருப்பியிருந்தான். அவனுடைய மேய்ச்சல் புல்லில் கணுக்கால் தண்ணீர் தேங்கி நின்றது. அதில் பறவைகள் நடந்துகொண்டிருந்தன.

ஜெப்சன் அறுப்பு வண்டியின் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அவர்களைக் கண்டதும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். தொப்பியை எடுத்தான். அவன் எப்போதும் மரியாதைக்காரன். கானிப் இங்கிலீஷ் பேசுவதில்லை என்பதால் மினர்வாவிடம் பேசினான்.

"வாங்க மினர்வா. நல்ல வெயில்ல வந்திருக்கீங்க. மோர் குடிக்கிறீங்களா?"

"இன்னிக்கு எங்க முறை."

"தெரியும். காலையிலயே திறந்துடணும்னுதான் இருந்தேன். ட்வைட் வந்து சொல்லலையே. தண்ணி பிரிச்சு விடுற நீராணிக்காரர் அவர்தானே, அவர் சொல்லாம நான் பலகையைத் தொடக்கூடாது. எழுதிவச்சது அப்படி."

"போன முறையும் இதையேதான் சொன்னீங்க."

"போன முறையும் அவர் வரலையே."

"என்ன சொல்றான்?" என்று கேட்டான் கானிப்.

"மோர் வேணுமான்னு கேக்குறான்."

"வாய்க்கால்ல ஊத்தச் சொல்லு."

ஜெப்சன் ஏதோ நல்ல வார்த்தை என்று நினைத்துத் தலையாட்டினான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு இந்த வேலை பழக்கமில்ல. கஷ்டப்படுறதைப் பாக்க எனக்கே சங்கடமா இருக்கு. நிலத்தை எனக்குக் குத்தகைக்கு விடுங்க. நான் பச்சை காட்டுறேன். நிலமும் உங்க பேர்லயே இருக்கும், தண்ணி உரிமையும் நிலத்தோட இருக்கும். நீங்க நிம்மதியா ஆட்டத்துக்குப் போகலாம்."

"வேண்டாம்."

"யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு. கித்தானை எடுங்க."

"ட்வைட் சொல்லட்டும், அடுத்த நிமிஷம் எடுக்குறேன்." அவன் உண்மையாகவே வருத்தப்பட்டவன் போலத்தான் நின்றான். அதுதான் மினர்வாவுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் திருப்பிச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம்.

திரும்பும்போது கானிப் முன்னால் நடந்தான். வீட்டுக்குக் கிட்டே வந்ததும் வடக்கிலிருந்து காற்று திரும்பியது. வெகு தூரத்திலிருந்து மத்தளச் சத்தம் வந்தது. வருகிறது என்றால் வருகிறது, இல்லை என்றால் இல்லை. அவன் நின்று கேட்டான். மினர்வா நிற்காமல் நடந்துபோய்க் கறிக்கொடியில் ஈ ஓட்டத் தொடங்கினாள்.

*

புதன்கிழமை வண்டி கட்டிக்கொண்டு பன்னிரண்டு மைல் தாண்டி ஆபீஸுக்குப் போனார்கள். தண்ணீர் விவகாரம் பார்க்கிற குமாஸ்தா இன்னும் வரவில்லை. பிறகு வந்தான், ஆனால் சாவி கொண்டுவர மறந்துவிட்டான். பிறகு சாப்பாட்டுக்குப் போனான். கானிப் வாசல் பெஞ்சில் தொப்பியை முழங்காலில் வைத்துக்கொண்டு, சுவரில் மாட்டியிருந்த மாட்டுப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசியில் கூப்பிட்டபோது குமாஸ்தா கானிப்பைப் பார்த்து, "உங்க ஆளுங்க எல்லாம் ஆட்டத்துக்குப் போயிட்டாங்க, நீ போகலையா?" என்றான். மினர்வா இல்லை என்றதும் அவனுக்கு மகிழ்ச்சி. "நல்லது. இப்படித்தான் இருக்கணும். இதைத்தான் நாங்க வருஷக்கணக்கா சொல்லிக்கிட்டிருக்கோம்."

"தண்ணி வரல" என்றாள் மினர்வா.

"எழுதிக் குடு."

எழுதினாள். அதில் நிலத்துக்காரன் கைநாட்டு வேண்டும் என்றான். கானிப் கட்டைவிரலை நீட்டினான். மைப்பெட்டி காய்ந்திருந்தது. குமாஸ்தா அதில் எச்சில் துப்பிக் குழைத்தான். அது கானிப்பின் விரலில் சாம்பல் நிறமாக ஒட்டியது, தாளில் ஒட்டவில்லை.

"ட்வைட் எங்க?" என்று கேட்டாள்.

"மேல மலையடியில தலைமதகு பாக்கப் போயிருக்காரு. வந்ததும் சொல்றேன்."

"வெள்ளிக்கிழமை பச்சை பாக்க வர்றாங்க. அதுக்குள்ள வேணும்."

"வந்ததும் சொல்றேன்னு சொல்றேன்ல."

வீட்டுக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்திருந்தது. வயலோரம் ரோட்டில் ஒரு மோட்டார் கார் வந்து நின்ற தடம் இருந்தது. கானிப் வண்டியை நிறுத்தி இறங்கிக் குனிந்து பார்த்தான். தடம் பார்ப்பதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

"ஒரு ஆள். தோல் பூட்ஸ். இறங்கி ஆறு எட்டு வச்சிருக்கான். அந்தக் கம்பத்துகிட்ட ஒண்ணுக்கு இருந்துட்டுத் திரும்பப் போயிட்டான்."

"வழி தப்பி வந்தவனா இருக்கும்" என்றாள் மினர்வா.

*

வியாழக்கிழமை காலையில் கானிப் காப்பிகூடக் குடிக்காமல் மண்வாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. வெயில் ஏறும்வரை பொறுத்துப் பார்த்துவிட்டு, இடித்த மான்கறியையும் ரொட்டியையும் துணியில் கட்டிக்கொண்டு குதிரையில் போனாள்.

கானிப் ஜெப்சனின் மடை மேல் உட்கார்ந்திருந்தான். கித்தானைச் சுருட்டி மெத்தை மாதிரி அடியில் போட்டிருந்தான். பலகையைப் பிடுங்கி மடியில் வைத்திருந்தான். தண்ணீர் அவன் காலுக்குக் கீழே கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. எதிரே ஜெப்சன் இடுப்பில் கைவைத்து நின்றான். இருவருக்கும் பொதுவான பாஷை இல்லாததால் வெகு நேரமாக அப்படியே இருந்திருக்கிறார்கள்.

"மினர்வா, இவர்கிட்ட சொல்லுங்க. இது பெரிய குத்தம்."

"இந்தா சாப்பிடு" என்று மினர்வா கானிப்பிடம் துணியைக் கொடுத்தாள். அவன் பலகையை மடியைவிட்டு எடுக்காமலே அதன் மேல் துணியை விரித்துச் சாப்பிட்டான்.

அவன் சாப்பிட்டு முடிக்கும்போது ட்வைட் குதிரையில் வந்தான். வெயிலில் வெந்த முகம். தலைமதகில் மூன்று நாளாகக் கரை உடைந்து, அதை அடைத்துவிட்டு வருகிறான். யாரையும் விசாரிக்கிற நிலையில் அவன் இல்லை.

"இதுக்கு உன்னைப் பிடிச்சு உள்ள போடலாம், தெரியுமா?" என்றான் கானிப்பைப் பார்த்து.

"உங்க புஸ்தகத்தை எடுங்க" என்றாள் மினர்வா. "எங்களுக்கு இந்தக் கோடையில எத்தனை முறை வரணும், எத்தனை முறை வந்துச்சுன்னு பாருங்க. பாத்துட்டு அப்புறம் பிடிச்சுப் போடுங்க."

ட்வைட் ஜேபியிலிருந்து சின்னப் புத்தகத்தை எடுத்தான். எச்சில் தொட்டுப் புரட்டினான். ஒரு பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மூடி வைத்துவிட்டு, ஜெப்சனைப் பார்க்காமலே சொன்னான்: "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாதித் தண்ணி கீழ போகட்டும்."

பாதிதான். ஆனாலும் வந்தது. சாயங்காலம் அவர்கள் மடையில் தண்ணீர் நுரையும் சருகுமாக வந்து மோதியபோது, மினர்வா பாவாடையை எடுத்துச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வயலில் இறங்கினாள். ஒரு பாத்தியில் கரையை வெட்டிவிட வேண்டும், தண்ணீர் கடைசி வரை போகிறதா என்று கூடவே நடக்க வேண்டும், எலி வளைக்குள் இறங்கினால் மண்ணை மிதித்து அடைக்க வேண்டும், போய்ச் சேர்ந்ததும் ஓடிவந்து அடுத்த பாத்தியை வெட்ட வேண்டும். வெடிப்புகள் தண்ணீரைக் குடிக்கிற சத்தம் கேட்டது.

இருட்டும் நேரத்தில் சிரீச் குதிரையில் வந்து இறங்கினான். முகமெல்லாம் ஆட்டக்களத்துப் புழுதி.

"என்னடா, பந்தயம் முடிஞ்சிருச்சா?" என்றாள் மினர்வா.

"ரெண்டுலயும் தோத்தாச்சு. அங்க இருந்தா எல்லாரும் என்னையே பாக்குறானுங்க." அவன் மோக்கசின் தோல்செருப்பைக் கழற்றி வேலி மேல் வைத்துவிட்டு மண்வாரிக்குக் கை நீட்டினான். "மச்சான், நீ கொஞ்சம் படு. தண்ணிக்குள்ள நிக்கிற குதிரை மாதிரி இருக்க."

மறுநாள் வெயில் வந்தபோது பதினாறு ஏக்கரும் நனைந்திருந்தது. மூவரும் வயலோரம் நின்றார்கள். மடங்கியிருந்த இலைகள் ஒவ்வொன்றாக விரிந்து நின்றன. அந்தப் பச்சையைப் பார்த்துச் சிரீச்சே கேலி பேசாமல் இருந்தான்.

மினர்வா முகம் கழுவி, மணி கோத்த பெல்ட்டைக் கட்டிக்கொண்டாள். கானிப் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். மத்தியானம் வரை காத்திருந்தார்கள். மத்தியானம் தண்ணீர் நின்றது. யாரும் வரவில்லை. சிரீச் ஆட்டக்களத்துக்குத் திரும்பக் கிளம்பினான். கானிப்பைக் கூப்பிட்டான்.

"அவன் வந்துட்டா?" என்றான் கானிப்.

பொழுது சாய்ந்தது. கானிப் வெள்ளைச் சட்டையோடு மடையோரம் உட்கார்ந்தே இருந்தான். காற்று வடக்கிலிருந்துதான் வீசியது. மத்தளம் நின்றிருந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது.

*

சனிக்கிழமை காலையில் ட்வைட் கரையோடு குதிரையில் போகும்போது மினர்வா அவனை நிறுத்தினாள்.

"பச்சை பாக்குற ஆள் நேத்து வரலையே?"

"யாரு, வின்ஸ்லோவா? அவர் புதன்கிழமையே இந்த வாய்க்கால் முழுக்க முடிச்சிட்டாரே. இப்ப மைட்டன் டவுன்ல விடுதியில இருக்காரு. திங்கட்கிழமை ஊருக்குப் போறாரு."

மினர்வா கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். புதன்கிழமை. தோல் பூட்ஸ், ஆறு எட்டு.

அவள் வயலில் இறங்கிக் குதிரைமசாலை வேரோடு, மண்ணோடு நாலு பிடி பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றினாள். கானிப் வண்டி கட்டினான். மைட்டன் போய்ச் சேரப் பிற்பகல் ஆகிவிட்டது.

வின்ஸ்லோ விடுதி வராந்தாவில் மேஜை போட்டு, டப்பாப் பீச்சுப்பழத்தைக் கரண்டியால் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வயதானவர், கண்ணாடி போட்டவர். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். மினர்வா உட்காரவில்லை.

"வெள்ளிக்கிழமைன்னு கடிதம் போட்டீங்க."

"ஆமா. ஆனா கார் புதன்கிழமைக்குத்தான் கிடைச்சுது. வெள்ளிக்கிழமை வேற யாருக்கோ வேணும்னாங்க. அதான் முன்னாடியே முடிச்சிட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லையேன்னு நினைச்சேன்."

"எங்களைப் பத்தி என்ன எழுதியிருக்கீங்க? கானிப். கடைசி மடை."

அவர் தயங்கினார். பிறகு புத்தகத்தைத் திறந்து அந்தப் பக்கத்தை அவள் பக்கம் திருப்பினார். இந்தப் பெண்ணுக்கு எங்கே படிக்கத் தெரியப்போகிறது என்று நினைத்தாரோ என்னவோ. அழகான கையெழுத்து. மினர்வா மெதுவாகப் படித்தாள். பயிர் வாடிக் கிடக்கிறது. தண்ணீர் பாயவில்லை. நிலத்தில் ஆள் இல்லை. ஆட்டத்துக்குப் போயிருக்கலாம்.

"என்ன எழுதியிருக்கான்?" என்றான் கானிப்.

அவள் இன்னொரு தடவை படித்தாள்.

"சொல்லு."

"நீ ஆட்டத்துக்குப் போயிட்டேன்னு எழுதியிருக்கான்."

கானிப் அவளைப் பார்த்தான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். வின்ஸ்லோவும் என்னவென்று தெரியாமல் கூடவே புன்னகை செய்தார்.  கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் அப்படிச் சிரித்து மினர்வா பார்த்ததில்லை.

அவள் சாக்கைப் பிரித்து, குதிரைமசாலை வேரும் சேறுமாக அந்தப் பக்கத்தின் மேல் வைத்தாள்.

"புதன்கிழமை நாங்க ஆபீஸ்ல இருந்தோம். தண்ணி கேக்கப் போயிருந்தோம். அங்க பெஞ்சில எத்தனை ஆணி இருக்குன்னுகூட இவர் சொல்லுவாரு. தண்ணி வியாழக்கிழமை வந்துச்சு. இது அந்த நிலத்துப் பயிர். எழுதுங்க."

"நான் உங்களை நம்புறேன்மா" என்றார் வின்ஸ்லோ. உண்மையாகவே நம்பினார். "ஆனா நான் பாத்ததைத்தான் நான் எழுத முடியும். பாத்தது புதன்கிழமை."

"இப்ப பாருங்க. என்கூட வாங்க. வண்டி இருக்கு."

"நான் இந்த வாய்க்காலுக்கு முடிவு எழுதிக் கையெழுத்துப் போட்டாச்சு. அடுத்த கோடையில வேற ஆள் வருவாரு." கொஞ்சம் யோசித்துப் பென்சிலை எடுத்து, ஓரத்தில் சின்னதாக எழுதினார்: ‘தண்ணீர் பிறகு பாய்ச்சியதாகச் சொல்கிறார்கள்.’ "இது என்னால முடிஞ்சது."

"சொல்லல. கொண்டுவந்திருக்கோம்."

 வின்ஸ்லோ பயிரை ஜாக்கிரதையாக எடுத்து அவள் கையில் கொடுத்தார். கைக்குட்டையை நனைத்து, பக்கத்தில் ஒட்டியிருந்த சேற்றை எழுத்து அழியாமல் துடைத்தார்.

*

அந்த இரண்டாம் அறுப்பை அவர்கள் அறுத்தார்கள். நல்ல உலர்ந்த தீவனம். சிரீச்சின் குதிரைகள் பனிக்காலம் முழுக்க அதைத் தின்றன. அடுத்த கோடை வரைக்கும் காத்திருக்க யாரும் அவர்களை விடவில்லை. பனி உருகுவதற்கு முன்பே ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. நிலம் சும்மா கிடப்பதாகப் பதிவாகியிருக்கிறது. கெடு இந்த வருஷத்தோடு முடிகிறது. பச்சை காட்டக்கூடிய ஆளுக்குக் குத்தகைக்கு விட்டால் தண்ணீர் உரிமை நிலத்தோடு நிற்கும். விடாவிட்டால் போய்விடும். ஜெப்சன் கேட்டிருக்கிறார்.

மினர்வா அதைப் படித்துக் காட்டினாள். நாலு நாள் கடிதம் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் கானிப் வண்டி கட்டினான்.

"கையெழுத்துப் போடப் போறியா?" என்றாள்.

"தண்ணி போயிட்டா நாளைக்கு யாரு வந்தாலும் இதுல ஒண்ணும் செய்ய முடியாது. உரிமையாவது நிக்கட்டும்."

"நான் முடியாதுன்னுதான இத்தனை நாள் சொன்னேன்."

"நீ சொன்னே. நான் உழுதேன். ரெண்டு பேரும் செஞ்சாச்சு. வண்டியில ஏறு."

இந்தத் தடவை மைப்பெட்டி புதிது. விரல் ரேகை ஒவ்வொரு கோடும் தெரிகிற மாதிரி விழுந்தது. ஐந்து வருஷக் குத்தகை. வீடும் வீட்டைச் சுற்றி ஒரு துண்டும் அவர்களுக்கு. மற்றது ஜெப்சனுக்கு.

கோடை தொடங்கி முதல் முறை வந்த அன்று கானிப் விறகு வெட்டிக்கொண்டிருந்தான். பனித் தண்ணீரெல்லாம் வடிந்துவிட்ட சமயம். திடீரென்று கோடரியை நிறுத்திவிட்டுத் தலையைத் தூக்கினான். மினர்வாவும் கையில் தோல் சுரண்டும் எலும்போடு எழுந்தாள். வயல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. ஆற்றோரத்தில் கேட்கிற சத்தம்.

இருவரும் போனார்கள். வாய்க்கால் இரண்டு கரையும் தட்டிப் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு வந்தது. மரக்கிளைகளை அடித்துக்கொண்டு வந்தது. மடையில் ஜெப்சனின் கூலியாள் பலகையைத் தூக்கிவிட்டுக் கரை மேல் உட்கார்ந்து புகை பிடித்துக்கொண்டிருந்தான். ஓடியாடி வேலை செய்ய வேண்டிய அவசியமே இல்லை. தண்ணீர் தானாகவே எல்லாப் பாத்தியிலும் ஏறிக் கடைசி வரைக்கும் போய், வேலியைத் தாண்டி ரோட்டுப் பள்ளத்தில் வழிந்தது.

கானிப் வெகு நேரம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"எங்கேருந்து வருது இவ்வளவு தண்ணி?" என்றான்.

"எங்கேருந்தும் வரல" என்றாள் மினர்வா. "இங்கதான் இருந்திருக்கு."

கானிப் உட்கார்ந்து மோக்கசினைக் கழற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கரையில் வைத்தான். பிறகு வாய்க்காலில் இறங்கினான். தண்ணீர் தொடைக்கு வந்தது. மடைக்கு எதிரே போய், தண்ணீரை மறிக்கிறவன் போலக் காலை அகட்டி நின்றான். கூலியாள் புகையை வாயிலிருந்து எடுத்துவிட்டு, ஏறு, கரை கரையும் என்று சத்தம் போட்டான். கானிப் திரும்பிப் பார்க்கவில்லை.

மினர்வா எலும்பைக் கீழே வைத்தாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் இறங்கி, அவன் பக்கத்தில் போய் நின்றாள். மலைத் தண்ணீர், எலும்பு வரைக்கும் குளிர்ந்தது. கூலியாள் திரும்பவும் சத்தம் போட்டான். அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.